ஆப்பிரிக்கச் செய்திகளைப் படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

2014-ல் எபோலா கொத்துக்கொத்தாக உயிர்களை எடுத்தது கினி, லைபீரியா, சியரா லியோன் என்று மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் மூன்று நாடுகளில். ஆனால் பத்திரிகைகளில் கண்ணில் பட்டதெல்லாம் ‘ஆப்பிரிக்காவில் எபோலா’தான். விளைவு, கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் சஃபாரி போக இருந்தவர்கள் முன்பதிவை ரத்து செய்தார்கள். வரைபடத்தில் அளந்து பாருங்கள்: லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து கென்யத் தலைநகர் நைரோபி 5,000 கிலோமீட்டருக்கும் மேல், ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட் அதைவிடப் பக்கம். அந்த அக்டோபரில் மாட்ரிட்டில் ஒரு செவிலியருக்கே தொற்று வந்தது, அதற்காக ரோமுக்குப் போகிறவரை யாராவது தடுத்தோமா என்ன! 54 நாடுகளை ஒரே ஊராக நினைப்பதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

அடுத்தது, செய்தியின் தொடக்கத்தில் இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்க்காமல் தாண்டுவது. நம் நாளிதழ்களின் உலகப் பக்கம் பெரும்பாலும் செய்தி ஏஜென்சிகள் அனுப்புவதுதான். சூடானைப் பற்றிய செய்தியில் ‘நைரோபி’ என்று இருந்தால், எழுதியவர் அங்கிருந்தபடி போனில் விசாரித்திருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் நேரில் பார்த்து எழுதியதும் அதுவும் ஒன்றல்ல.

அப்புறம், செய்தி வராத இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்துவிடுவது. சூடானில் 2023 ஏப்ரலில் ராணுவமும் ஆர்எஸ்எஃப் துணைப்படையும் மோத ஆரம்பித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓடவேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் போனும் இணையமும் அறுந்தன. யாரிடம் கேட்டு எழுதுவது? காசாவும் உக்ரைனும் முதல் பக்கத்தில் இருந்தபோது சூடானுக்குக் கிடைத்ததென்னவோ உள்பக்கத்து மூலைதான்.

எதிர்ப்பக்கமாகச் சாய்வதும் தவறுதான். இதே கண்டத்தை 2000-ல் நம்பிக்கையற்றது என்று அட்டையில் போட்ட பிரிட்டிஷ் வார இதழ் எகனாமிஸ்ட், 2011-ல் எழுந்து வருகிறது என்று போட்டது. இரண்டு அட்டையிலும் நைஜீரியா வேறு, நைஜர் வேறு என்பது காணாமல் போனது.

சரி, எதைப் படிப்பது? சூடானுக்கு ரேடியோ டபங்கா, நைஜீரியாவுக்கு பிரீமியம் டைம்ஸ் என்று அந்தந்த நாட்டுக்காரர்கள் நடத்துவதையும் புரட்டுங்கள். உள்ளூர்க்காரர் எழுதினால் எல்லாம் உண்மை என்றும் நினைக்கவேண்டாம். எத்தியோப்பியன் ஹெரால்டு அரசாங்கப் பத்திரிகை, அந்த அரசாங்கமே ஒரு தரப்பாக இருந்த டிக்ரே போரைப் பற்றி அதில் படித்தால் அந்த நினைப்போடு படியுங்கள்.