கர்ப்ப காலத்தில் அக்குபஞ்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது நம் வீட்டு வழக்கம். மும்பைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன தமிழ்க் குடும்பங்களும் அதை விட்டுவிடவில்லை. அக்குபஞ்சர் செய்துகொள்ளப் போகும்போது இந்த வழக்கமே முதல் தவறாகிவிடுகிறது. செம்பூரில் இருக்கும் என் அண்ணி, பத்து வாரக் கர்ப்பத்தோடு தோள் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சென்றார். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள மேட்டைச் சிகிச்சையாளர் பஞ்சால் துடைத்த பிறகுதான் கூடப் போயிருந்த மாமியார் விஷயத்தைக் காதோடு சொன்னார். அவர் உடனே ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

தோள் மேடு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, உள் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே உள்ள இடம், அடிவயிறு ஆகியவற்றில் உள்ள சில புள்ளிகளைப் பிரசவ வலியைத் தூண்டக்கூடியவை என்று சீன மரபு கர்ப்பிணிகளுக்கு விலக்கியிருக்கிறது. அவற்றால் கரு கலையும் என்று ஆய்வுகள் நிறுவவில்லை. ஆயினும் 37 வாரத்துக்கு முன் அவற்றைத் தொடாமல் விடுவதால் நமக்கு நஷ்டம் எதுவுமில்லை.

மசக்கை வாந்திக்குப் பெரும்பாலும் ஊசியே வேண்டியதில்லை. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும் நிலையிலும் அதையே அழுத்திக்கொண்டிருப்பதுதான் தவறு. அப்போது வேண்டியது டிரிப்ஸ்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு மருந்தையும் ஸ்கேனையும் கைவிடுவது. ஊரிலிருந்து போனிலேயே நலம் விசாரிக்கும் சில ‘ஹீலர்கள்’ சத்து மாத்திரையும் ரசாயனம்தான், நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையைக் கர்ப்பிணிகள் நாள்தோறும் குறைந்தது 180 நாள் உட்கொள்ள வேண்டும் என்று அரசு வகுத்திருப்பது ரத்தசோகைக்காக. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் உடம்பில் இரும்பு ஊறிவிடாது. 20 வாரத்துக்குப் பின் வரும் கடும் தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் ஆகியவற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருப்பது இதைவிட ஆபத்து. ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டிருந்தால் அது முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்லாம்ப்சியா) என்னும் கர்ப்பகால ரத்த அழுத்த நோயாக இருக்கலாம், வலிப்பு வரை போகலாம். ரத்தக்கசிவு இருந்தாலும், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தாலும் மகப்பேறு மருத்துவரைக் கேளாமல் ஊசிக்குப் போகக்கூடாது. ஆஸ்பிரின், ஹெப்பாரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர் அதைச் சிகிச்சையாளரிடம் மறைக்கவும் கூடாது.

இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் சொல்வதால், அதற்காகப் போகிறவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. யாரிடம் போகிறோம் என்பதே கேள்வி. மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக 2019இல் அங்கீகரித்தது; மகாராஷ்டிரத்தில் இதற்கெனத் தனிச் சட்டமே இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பதற்குக் கூச்சப்படுவானேன்? ஊசி உறையை நம் கண்ணெதிரே பிரிக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பின் மல்லாந்து படுக்கச் சொன்னால் மறுத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை விரதத்தோடு வெறும் வயிற்றில் போனால் ஊசி குத்தியதும் மயக்கம் வரக்கூடும். முடிந்தவுடன் லோக்கல் ரயில் கூட்டத்தில் ஏறாமல், அங்கேயே கால்மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.