பிரதி திருத்துவோருக்கு: லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் குறுக்குவிசை அமைத்தல்

பதிப்பகத்துக்கு வரும் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ஒரே கட்டுரைக்குள் நான்கு எழுத்துருக்கள் இருக்கும். இணையத்திலிருந்து ஒட்டிய பத்தி சாம்பல் நிறப் பின்னணியோடு வந்து உட்கார்ந்திருக்கும். இதைச் சரிசெய்ய, லிப்ரே ஆபிஸ் தொகுப்பின் எழுத்துச் செயலியான ரைட்டரில் நாள் முழுக்க நான் நாடும் கட்டளை, வடிவமைப்பை உதறிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் ஒட்டுவது. அதற்கு ரைட்டரே தந்திருக்கும் குறுக்குவிசை, அதாவது மெனுவைத் திறக்காமலே கட்டளையை இயக்கும் விசைச் சேர்க்கை, கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி. அடிக்கடி செய்யும் ஒரு வேலைக்கு நான்கு விசைகள் என்பது விரல்களுக்குச் செய்யும் கொடுமை. முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் திறந்து, கீபோர்டு தாவலுக்குச் செல்லுங்கள். மேற்பகுதியில் 'லிப்ரே ஆபிஸ்', 'ரைட்டர்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ரைட்டரையே தேர்ந்தெடுங்கள். முதலாவதைத் தேர்ந்தால் மாற்றம் கால்க் (விரிதாள் செயலி) உள்ளிட்ட மற்றவற்றுக்கும் பொதுவாகிவிடும். அங்கே பழக்கமான விசை ஒன்று திடீரென்று வேறு வேலை செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரே விசைக்கு இரண்டு இடத்திலும் வேலை கொடுத்திருந்தால், ரைட்டருக்குள் ரைட்டரில் கொடுத்ததே செல்லும்.

விசைப் பட்டியல் நீளமானது. உருட்டித் தேட வேண்டாம். பட்டியலில் ஒரு முறை சொடுக்கிவிட்டு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்துங்கள். அந்த வரிக்கே போய் நிற்கும். அதன் எதிரே 'பேஸ்ட் ஸ்பெஷல்' என்று இருக்கும். அதை நீக்கி நம் கட்டளையை அங்கே வைக்கப்போகிறோம். கீழே உள்ள கட்டளைப் பட்டியலில் 'பேஸ்ட் அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்து, அசைன் பொத்தானை அழுத்துங்கள். பழைய பதிப்புகளில் அந்தப் பொத்தானுக்கு மாடிஃபை என்று பெயர். ஓகே கொடுத்தால் முடிந்தது.

ஆனால் உண்மையான பலன் பத்திப் பாணிகளுக்கு, அதாவது ஒரு பத்தியின் சீரமைப்பு, உள்தள்ளல் போன்றவற்றைப் பெயரிட்டுச் சேமித்த தொகுப்புகளுக்கு, விசை கொடுப்பதில்தான் இருக்கிறது. குறள் ஒன்றை மேற்கோள் காட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தி இருபுறமும் சீராக்கப்பட்டிருந்து, முதலடியின் முடிவில் ஷிஃப்ட்+என்டர் போட்டிருந்தால், அந்த நான்கு சீரையும் ரைட்டர் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்துப் பரப்பிவிடும். பார்க்கவே வேதனையாக இருக்கும். இதற்கென்று 'செய்யுள்' என்ற பத்திப் பாணியை உருவாக்கி வைத்திருக்கிறேன்: இடச்சீர், இடப்பக்கம் உள்தள்ளல், முதல் வரிக்குத் தனி உள்தள்ளல் கிடையாது. கஸ்டமைஸ் சாளரத்தின் கேட்டகரி பட்டியலில் கடைசிப் பக்கமாக ஸ்டைல்ஸ் என்று வரும். அதற்குள் பத்திப் பாணிகளில் 'செய்யுள்' இருக்கும். அதற்கு கண்ட்ரோல்+7 கொடுத்திருக்கிறேன். பாணிகளுக்கு எந்த விசையைக் கொடுத்தாலும், பட்டியலில் அதன் எதிரே வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கண்ட்ரோல்+1 முதல் 5 வரை தலைப்புகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை. அருமையான ஏற்பாடு, அதைக் கலைக்காதீர்கள்.

விசை உங்கள் கணினியில் பதிவாகிறது. பாணியோ ஆவணத்துக்குள் இருக்கிறது. இன்னொருவர் அனுப்பிய கோப்பில் 'செய்யுள்' பாணி இல்லையென்றால் கண்ட்ரோல்+7 அங்கே பயன்படாது. எனவே பாணிகளை வார்ப்புருவாக (டெம்ப்ளேட்) சேமித்து, அதையே இயல்பு வார்ப்புருவாக்கிக்கொள்ளுங்கள். வருகிற பிரதியை அதில் திறந்த புதிய ஆவணத்தில் வெறும் எழுத்தாக ஒட்டித் திருத்துவதே என் வழக்கம். ஆசிரியர் இட்ட சாய்வெழுத்தும் அடிக்குறிப்புகளும் இதில் போய்விடும். மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்வோர் இரண்டு வகை விசைகளைத் தவிர்க்க வேண்டும். என்.எச்.எம். ரைட்டர் போன்ற உள்ளீட்டு மென்பொருள்கள் ஆல்ட்டோடு எண்ணை அழுத்தினால் மொழி மாற்றும். அந்த விசைகள் லிப்ரே ஆபிஸை எட்டுவதற்கு முன்பே அவை பிடித்துக்கொள்ளும். அடுத்தது, விண்டோஸில் கண்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கை. வலப்பக்க ஆல்ட் விசைக்கு அது சமம். இந்திய ஆங்கில விசைப்பலகையில் கண்ட்ரோல்+ஆல்ட்+4 ரூபாய்க் குறியை இடுகிறது. அந்த இடத்தில் உங்கள் கட்டளையை வைத்தால் ஒன்றோடொன்று மோதும்.

எல்லாம் அமைத்தபின் அதே தாவலில் சேவ் பொத்தானை அழுத்தி, கிடைக்கும் சிஎஃப்ஜி கோப்பை (விசை அமைப்புகள் அடங்கியது) பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கணினியில் அமரும்போது லோடு பொத்தான் வழியே அதை ஏற்றலாம். வார்ப்புருவையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.