உரிமம் பெற்ற கடையில் கஞ்சா வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் கடைக்குப் போய்ச் சட்டப்படி கஞ்சா வாங்கலாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் அதற்கு முன்பே, 2014 ஜனவரி 1 அன்று விற்பனையைத் தொடங்கிவிட்டது. அதன்பின் பல மாநிலங்கள் அதே வழியில் வந்தன. அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனால், அளவு அச்சிட்ட பொட்டலம் ரசீதோடு கைக்கு வருகிறது. இந்த ஒழுங்கைப் பார்த்ததும் பலருக்கு ஓர் அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது. அரசு அனுமதித்த கடை, இனி என்ன கவலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த உரிமம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது; ஆய்வகத்தில் பூச்சிமருந்து, கன உலோகம், பூஞ்சை ஆகியவற்றுக்குச் சோதித்திருக்கிறார்கள்; வயது குறைந்தவருக்கு விற்கவில்லை. ஏறக்குறைய இவ்வளவுதான். அதை எவ்வளவு எடுத்துக்கொள்வது, உங்கள் உடம்புக்கு ஆகுமா, எந்த எல்லையைத் தாண்டினால் அதே பொட்டலம் குற்றப் பொருளாக மாறும் என்பதையெல்லாம் உரிமம் கவனிக்காது. நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

கடையின் உரிமத்தைச் சரிபார்க்காமல் வாங்குவது

பச்சை விளக்கும் இலைப் படமும் போட்ட பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். நியூயார்க்கில் 2021 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. உரிமம் பெற்ற முதல் கடை 2022 டிசம்பர் 29 அன்றுதான் திறந்தது. அந்த இடைவெளியில் உரிமமே இல்லாத கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. உள்ளே போனவர்களில் பலர் அவற்றைச் சட்டபூர்வக் கடை என்றே நம்பினார்கள். அதனால்தான் அந்த மாநிலம், உரிமம் உள்ள கடைகளின் வாசலில் க்யூ.ஆர். குறியீட்டுடன் கூடிய வில்லையை ஒட்ட வைத்தது. கலிஃபோர்னியாவில் உரிம எண்ணை அரசுத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒன்டாரியோவில் சில்லறைக் கடைகளுக்கு உரிமம் தரும் மதுபான, சூதாட்ட ஆணையம் கடைப் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைச் சோம்பலால் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொட்டலமும் காட்டிக்கொடுத்துவிடும். கனடாவில் வரி முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். மாகாணத்துக்கு மாகாணம் அதன் நிறம் மாறும். போதை தரும் பொருள் என்றால், கஞ்சா இலையுடன் சிவப்பு நிற எண்கோண எச்சரிக்கைக் குறி இருக்கும். உறை எளிமையாகவும், குழந்தைகளால் திறக்க முடியாதபடியும் இருக்கும். அங்கே உண்ணும் பொருளில் ஒரு பொட்டலத்துக்கு கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராம் என்பதுதான் உச்சவரம்பு. ஆகவே புகழ்பெற்ற மிட்டாய் உறையைப் போலவே அச்சடித்து, மேலே "500 மி.கி." என்று போட்டிருந்தால், அது உரிமம் பெற்ற சரக்கு இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம். ரொக்கம் மட்டும் வாங்குகிறார்கள் என்பதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். கஞ்சாவை இன்னும் போதைப்பொருளாகவே நடத்தும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பயந்து வங்கிகள் ஒதுங்குவதால், அங்கே நேர்மையான கடைகளிலும் பல ரொக்கத்தில்தான் நடக்கின்றன.

போலிச் சரக்கால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஒரு சாட்சி. ஆவியாக இழுக்கும் வேப் குப்பிகளில் எண்ணெயை அடர்த்தியாகக் காட்ட, கள்ளச்சந்தை விற்பனையாளர்கள் வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்தார்கள். அது நுரையீரலைத் தாக்கியது. 2020 பிப்ரவரி நடுப்பகுதி வரை அமெரிக்காவில் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பால் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ பதிவாகியிருக்கிறது. அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். கலப்பட வேப் எண்ணெயே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

தின்றுவிட்டுக் காத்திருக்காமல் இன்னொன்றையும் தின்பது

மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். புகைத்தால் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ தெரிந்துவிடும். போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். தின்பண்டம் அப்படியில்லை. வயிற்றில் செரித்து, கல்லீரலுக்குப் போய், அங்கே டி.எச்.சி. இன்னும் வீரியமான வேறொரு வேதிப்பொருளாக மாறி, அதன் பிறகுதான் மூளைக்கு ஏறுகிறது. தெரியத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். உச்சத்தை எட்ட நான்கு மணி நேரம் வரை ஆகலாம். முழுத் தாக்கம் பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கலாம். மிச்சம் மறுநாளும் தொடரலாம். வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கே ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் இருக்காது.

கொலராடோவில் 2014 மார்ச்சில் நடந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறு ஆண்டு அறிக்கையாக வெளியிட்டது. 19 வயது இளைஞர் ஒருவர். 23 வயது நண்பர் கடையில் வாங்கித் தந்த ஒரு குக்கீ. அதில் மொத்தம் 65 மில்லிகிராம் டி.எச்.சி., ஆறு பேருக்கான அளவு. கடைப் பணியாளர் சொன்னபடி அந்த இளைஞர் முதலில் ஒரு துண்டுதான் தின்றார். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியவில்லை. மிச்சத்தையும் தின்றுவிட்டார். அடுத்த சில மணி நேரத்தில் நிலைதடுமாறி, நான்காம் மாடியின் பால்கனியிலிருந்து குதித்து உயிரிழந்தார். அது சட்டப்படி விற்கப்பட்ட பொருள். அளவும் உறையில் இருந்தது. எச்சரிக்கையும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு, 10 மில்லிகிராம் கொண்ட ஒவ்வொரு பங்கும் தனியாகப் பிரித்துத் தெரிய வேண்டும் என்று கொலராடோ தன் விதிகளை இறுக்கியது.

புதிதாக எடுப்பவர் 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ வைத்துத் தொடங்க வேண்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. 10 மில்லிகிராம் மிட்டாய் ஒன்று என்றால், அதில் கால் பங்கு. அதை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு அத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது. கூட்டுவதென்றால் இன்னொரு நாள் பார்க்கலாம். மதுவோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அளவு மீறிவிட்டது என்று தோன்றினால் தனியாக இருக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். நெஞ்சு வலி, தொடர் வாந்தி, நினைவுத் தடுமாற்றம், அடங்காத பீதி இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

சதவீதத்தைப் பார்த்து வாங்குவது

விலைக்கு அதிகச் சதவீதம் கிடைத்தால் லாபம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். உலர்ந்த பூவில் 20 சதவீதம் என்றால் ஒரு கிராமில் 200 மில்லிகிராம் டி.எச்.சி. அரை கிராம் சுருட்டில் 100. எரியும்போது ஒரு பகுதி வீணாகும் என்றாலும், பழக்கமில்லாதவருக்கு அது பெரிய அளவு. புகைப்பதென்றால் 10 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள, கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத சி.பி.டி. அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கிற பொருளில் தொடங்கச் சொல்கிறது அதே கனடா அறிவுரை. அதிக வீரியமுள்ள கஞ்சாவை அடிக்கடி எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற பாதிப்புகளின் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் வாங்காமலே திரும்பிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

லேபிளில் இன்னொரு சறுக்கல் இருக்கிறது. பூப் பொட்டலங்களில் "டி.எச்.சி." என்று ஓர் எண்ணும் "மொத்த டி.எச்.சி." என்று இன்னொரு எண்ணும் இருக்கும். கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், முதல் எண் 8 என்றும் இரண்டாவது 200 என்றும் இருக்கலாம். பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் போதை தராத அமில வடிவம். சூடுபட்ட பிறகுதான் அது டி.எச்.சி. ஆகிறது. புகைக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது மொத்த அளவை. சிறிய எண்ணைப் பார்த்து மிதமான சரக்கு என்று எடுத்துச் சென்றால் ஏமாற்றம் கடுமையாக இருக்கும்.

கஞ்சாச் செடி வகைகளில் இண்டிகா தூக்கம் தரும், சாட்டிவா சுறுசுறுப்பு தரும் என்ற பேச்சை எல்லாக் கடைகளிலும் கேட்கலாம். இன்றைய செடிகள் பலமுறை கலப்பினம் செய்யப்பட்டவை. அந்தப் பெயர்களை வைத்து விளைவைக் கணிக்க முடியாது. டி.எச்.சி., சி.பி.டி. அளவையும் பொட்டலமிட்ட தேதியையும் பாருங்கள்.

கடைப் பணியாளரிடம் வைத்தியம் கேட்பது

கல்லாவில் நிற்பவருக்குப் பொருள்கள் தெரியும்; உங்கள் மருந்துச் சீட்டு தெரியாது. "மூட்டு வலிக்கு எது நல்லது, அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை" என்று கேட்டால், அவர் நல்ல எண்ணத்தோடு எதையாவது எடுத்துக் கொடுக்கலாம். கனடாச் சட்டத்தின்படி கஞ்சாவை நோய் தீர்க்கும் பொருளாகச் சொல்லி விற்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கஞ்சா அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். வலிப்புக்கான சில மருந்துகளோடு சி.பி.டி. மோதும். இதய நோய் உள்ளவர்கள் நாடித் துடிப்பு கூடுவதைத் தாங்காமல் போகலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அறவே தவிர்க்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய இடம் மருந்தாளுநரிடமும் மருத்துவரிடமும்தான். வெட்கப்பட்டு மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

ஓரிடத்துச் சட்டத்தை எல்லா இடத்துக்கும் பொருத்துவது

தமிழ் வாசகர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். நம்மில் பலர் ஒரு நாட்டில் வேலையும் இன்னொரு நாட்டில் குடும்பமும் மூன்றாவது நாட்டில் விமானம் மாறுவதுமாக வாழ்பவர்கள்.

ஒரே நாட்டுக்குள்ளும் விதி மாறும். கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் குறைந்தபட்ச வயது 19. ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. பொது இடத்தில் 30 கிராம் உலர் கஞ்சா வரை கையில் வைத்திருக்கலாம். ஆனால் அதே ஒரு கிராமை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் குற்றம். இரண்டு பக்கமும் சட்டபூர்வம் என்ற வாதம் எடுபடாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வைத்திருப்பதை அனுமதித்தது. ஆனால் போய் வாங்கச் சில்லறைக் கடைகளைத் திறக்கவில்லை. தாய்லாந்து 2022-இல் தடையை நீக்கி, 2025-இல் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் பூ வாங்கலாம் என்று மாற்றிவிட்டது. போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பி வாங்காதீர்கள்.

வண்டியிலும் இதே கதை. கனடாவில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே ஓட்டுநர்மீது வழக்கு வரலாம். 5 நானோகிராம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. தெளிவாக இருக்கிறேன் என்று நீங்கள் உணர்வது அங்கே செல்லாது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும், அதைச் சிங்கப்பூரில் பயன்படுத்தியதாகவே அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கொண்டுவந்தால் மரண தண்டனை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடைசெய்கிறது; வெளிநாட்டு உரிமக் கடையின் ரசீது அங்கே எந்தப் பாதுகாப்பும் தராது. பையின் மூலையில் மறந்துபோன ஒரு மிட்டாய் டப்பா போதும். பயணத்துக்கு முன் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். குடியேற்றம் கூட்டாட்சியின் கையில் இருக்கிறது. மாநிலம் அனுமதித்தபடியே கஞ்சா தொடர்பான செயலில் ஈடுபட்டிருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியை இழக்கலாம் என்று அந்நாட்டின் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே அறிவித்தது. வழக்கு இல்லாமல், தானே வாய்விட்டு ஒப்புக்கொண்டதே போதுமான காரணமாகிவிடலாம். அந்த நிலையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கடைக்குள் கால் வைக்க வேண்டாம். கஞ்சாக் கடையில் வேலைக்குச் சேரவும் வேண்டாம்.

வீட்டில் எட்டும் இடத்தில் வைப்பது

கனடாவில் கஞ்சாத் தின்பண்டங்கள் விற்பனைக்கு வந்த பிறகு, அதைத் தின்றுவிட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறு குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. குழந்தைக்கு அது வெறும் மிட்டாய். ஒன்றைத் தின்றால் மூச்சு மந்தமாகி, எழுப்ப முடியாத உறக்கத்துக்குப் போய்விடலாம். வேறு டப்பாவுக்கு மாற்றிவைப்பதும், சமையலறை அலமாரியில் மற்றத் தின்பண்டங்களோடு வைப்பதும்தான் இதற்கு வழிவிடுகின்றன. வாங்கிய உறையிலேயே, பூட்டிய பெட்டியில், உயரத்தில் வையுங்கள். உறை கிழியாமல் இருந்தால் எத்தனை மில்லிகிராம் உள்ளே போயிருக்கும் என்று மருத்துவருக்கு உடனே காட்டலாம். குழந்தை தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் அந்த உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அவமானம் பார்த்து மறைத்தால், காரணம் தெரியாமல் அந்தப் பிஞ்சு உடம்பில் தேவையற்ற சோதனைகள் பலவற்றைச் செய்ய வேண்டியிருக்கும், சிகிச்சையும் தாமதமாகும்.