மெனுவுக்குத் திரும்ப மெனுவைக் கூப்பிடாதீர்கள்

சி மொழியில் மெனு வைத்து ப்ரோக்ராம் எழுதப் பழகும்போது பலரும் ஒன்றைச் செய்வார்கள்: ‘சேர்’ ஃபங்ஷனின் கடைசி வரியில் மறுபடி மெனு ஃபங்ஷனையே கூப்பிடுவது. ஓடத்தான் செய்யும். ஆனால் பழைய அழைப்புகள் முடியாமல், அழைப்புகளை வைத்திருக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மெனுவுக்குள் லூப்பும் இருந்துவிட்டால், மூன்று பெயர் சேர்த்தவர் நான்கு முறை ‘வெளியேறு’ கொடுத்தால்தான் வெளியே வர முடியும். நானும் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு டூ-வைல் லூப் போதும். உள்ளே மெனுவைக் காட்டி, எண்ணை வாங்கி, ஸ்விட்ச்சில் பிரியுங்கள். ஃபங்ஷன் தன் வேலையை முடித்துவிட்டு சும்மா திரும்பட்டும். லூப் மெனுவைக் காட்டிவிடும்.

ஸ்விட்ச்சுக்குள் போடும் பிரேக், ஸ்விட்ச்சை மட்டும்தான் முடிக்கும், லூப்பை அல்ல. அதனால் வெளியேற 0 என்று வைத்து, ‘தேர்வு 0 ஆகாதவரை’ என்பதையே லூப்பின் நிபந்தனையாக்குங்கள்.

சரி, எண் கேட்டால் ஒருவர் ‘அ’ என்று தட்டினால்? எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப் ஃபங்ஷன் அதை எடுக்காமல் இன்புட்டிலேயே விட்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே எழுத்தில் முட்டுவதால் மெனு திரையில் நிற்காமல் ஓடும். ஸ்கேன்எஃப் 1 (ஓர் எண் கிடைத்தது என்று பொருள்) தராவிட்டால், ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் கெட்சாரால் வரி முடியும்வரை படித்துத் தள்ளிவிட்டு, தேர்வில் -1 போடுங்கள். எதற்கும் பொருந்தாத எண்ணுக்கு ஸ்விட்ச்சில் வைக்கும் டீஃபால்ட் ‘தவறான தேர்வு’ என்று சொல்லிக்கொள்ளும்.