ஜெட் ஸ்கீயில் நெடும்பயணம்: சாமான் கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மயாமி கரையிலிருந்து பஹாமாஸின் பிமினித் தீவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கடல் அமைதியாக இருக்கும் நாள் பார்த்து, துணைக்கு ஒரு படகையும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் போன்ற ஜெட் ஸ்கீயை ஓட்டுகிறவர்கள் கூட்டமாக இந்த வழியைக் கடப்பது வழக்கம். நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். வாடைக்காற்று எழுந்துவிட்டால் நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதி, அலைகள் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வரும். கரையில் இறுகத் தெரிந்த கட்டு அங்கே அரை மணி நேரம் தாங்காது. கடற்கரையில் பத்து நிமிட சவாரி போய் வந்த அனுபவம் இதற்கு உதவாது. அந்தப் பத்து நிமிடத்தில் நம்மிடம் சாமானே இருப்பதில்லை.

சாமானை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: நான் தண்ணீரில் விழுந்து, வண்டி என்னைவிட்டு விலகிப்போனால், இந்தப் பொருள் யாரிடம் இருக்கும்?

பலர் செய்யும் முதல் தவறு இங்கேதான். வாக்கி-டாக்கி போன்ற வி.எச்.எஃப். ரேடியோ, அவசர சிக்னல் கருவி, கத்தி எல்லாவற்றையும் பத்திரமாக முன்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஓட்டுபவர் உடம்போடு கட்டிக்கொள்ளும் கில் ஸ்விட்ச் கயிறு விழுந்த உடனே இன்ஜினை நிறுத்தும், சரி. 26 அடிக்குக் குறைவான படகுகளை வேகமெடுத்து ஓட்டும்போது அதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. ஆனால் இன்ஜின் நின்ற வண்டியும் நின்ற இடத்தில் நிற்காது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். லைஃப் ஜாக்கெட் போட்டவர் நீந்துகிற வேகத்தைவிட அது பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அப்போது முன்பெட்டியில் இருக்கிற ரேடியோ வண்டிக்குத்தான் துணை.

ரேடியோ, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் தனிநபர் சிக்னல் கருவி, விசில், சிறு கத்தி ஆகிய நான்கும் லைஃப் ஜாக்கெட்டில், கயிறு கோத்து, ஒரு கையால் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். மிதக்கும் ரேடியோவாக இருந்தாலும் கயிறு வேண்டும்; அதுவும் மிதந்துகொண்டே நம்மை விட்டுப் போய்விடும். கைப்பேசியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கரையிலிருந்து சில மைல் தாண்டினால் சிக்னல் கிடையாது, ஈரக்கையில் திரையும் வேலை செய்யாது. இன்னொன்று: இழுத்தால் காற்றடைத்துக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட் இடத்தை மிச்சப்படுத்துகிறது என்று அதை வாங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜெட் ஸ்கீக்கு அந்த வகை செல்லாது. வேகமாக விழுகிறவர் மயங்கிக் கிடந்தாலும் மிதக்க வைக்கும் நுரை ஜாக்கெட்தான் வேண்டும்.

பின்தளத்தில் சுவர் எழுப்புவது

நெடும்பயண வண்டிகளில் கேனும் ஐஸ் பெட்டியும் மாட்டுவதற்குப் பின்தளம்தான் தோதான இடம். சீ-டூ என்ற பிராண்டு ஜெட் ஸ்கீகளில் இதற்கென்றே லிங்க் என்ற கொக்கி முறை இருக்கிறது; 15 லிட்டர் எரிபொருள் கேன் நேராக அதில் உட்கார்ந்துகொள்ளும். மாட்டுவது சுலபமாக இருப்பதால் இரண்டு கேன், அதன் மேல் ஒரு பை, பையின் மேல் ஒரு டவல் என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது.

இதில் பலர் யோசிக்காத விஷயம், தண்ணீரில் விழுந்தவர் வண்டியில் ஏறுவதும் அதே பின்பக்கமாகத்தான் என்பது. மடக்கு ஏணியை இறக்கி, முழங்காலை அதில் ஊன்றி, இரு கைகளாலும் சீட்டின் பின்னால் இருக்கும் பிடியைப் பற்றி உடம்பை மேலே இழுக்க வேண்டும். அந்தப் பிடிக்கும் ஏறுகிற ஆளுக்கும் நடுவில் இரண்டு கேன் நின்றால் கை எட்டாது. எட்டினாலும் மார்பு கேனில் இடிக்கும். முழங்காலை வைக்க இடம் இருக்காது. பக்கவாட்டில் ஏறப் பார்த்தால் வண்டி ஆள் மேலேயே சாயும். இரண்டு மூன்று முறை முயன்றாலே களைப்பு வந்துவிடும், ஒவ்வொரு முயற்சியிலும் இரண்டு வாய் உப்புத் தண்ணீரும் உள்ளே போகும். ஆகவே கேனை இடமும் வலமுமாகப் பிரித்து, நடுவில் ஓர் ஆள் குப்புறப் படுத்து ஏறும் அளவு வழி விடுங்கள். அப்படி விட முடியாத அளவு சாமான் இருந்தால், சாமான் அதிகம் என்று அர்த்தம்.

வண்டி கவிழ்ந்தாலும் இதே பிரச்சினை. எந்தப் பக்கமாக உருட்டி நிமிர்த்த வேண்டும் என்று பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அம்புக்குறி காட்டும். எதிர்ப்பக்கம் உருட்டினால் எக்ஸாஸ்டில் தேங்கிய தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்க வாய்ப்புண்டு. அந்த ஸ்டிக்கரின் மேலேயே பையைக் கட்டி மறைத்திருப்பதைப் படகுத்துறைகளில் பார்க்கலாம். கிளம்புமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டு கைப்பேசியைத் தேட முடியுமா? மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எடை விஷயத்துக்கு வருவோம். மூன்று பேர் உட்காரும் பெரிய வண்டிகள் பலவற்றின் தாங்கும் திறன் 272 கிலோ என்று போட்டிருக்கும். ஆளும் சாமானும் சேர்த்த கணக்கு அது. அந்த எல்லைக்குள் இருந்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பது தவறு, ஏனென்றால் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஸ்டிக்கர் சொல்வதில்லை. பின்னால் கனம் கூடினால் மூக்கு தூக்கிக்கொண்டு, அலையில்லாத தண்ணீரிலும் வண்டி மேலும் கீழுமாகக் குதிக்கும். முன்னால் கனம் கூடினால் பின்னாலிருந்து வரும் அலையில் இறங்கும்போது மூக்கு நேராகத் தண்ணீருக்குள் குத்தும். 15 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 11 கிலோ. ஐஸும் தண்ணீரும் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 50 லிட்டர் பெட்டியை நிரப்பிக் கட்டினால் பின்சீட்டுக்கும் பின்னால் ஒரு சிறுவனை உட்கார வைத்த மாதிரி. குடிதண்ணீரைச் சிறு பாட்டில்களாகப் பிரித்து, சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள பெட்டியிலும் முன்பெட்டியின் அடியிலும் போடுவது நல்லது.

பெட்ரோல் கேன் விஷயத்தில் பழக்கமாகிவிட்ட ஒரு தப்பு, டாங்க் காலியாகும்வரை கேனைத் தொடாமல் வைத்திருப்பது. பெரிய வண்டிகள் பலவற்றின் டாங்க் ஏறத்தாழ 70 லிட்டர். 300 குதிரைத்திறன் இன்ஜினை முழு வேகத்தில் விரட்டினால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நிதானமாகப் போனால் பல மணி நேரம் வரும். எப்படிப் போனாலும் டாங்கில் 15 லிட்டருக்கு இடம் விழுந்ததும், கடல் அமைதியாக இருக்கும்போதே, கேனை ஊற்றிவிடுங்கள். பின்னால் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்த கனம் வண்டியின் நடுவில், தாழ்வாகப் போய் அமர்ந்துவிடும். வெயிலில் கிடந்த கேனில் அழுத்தம் ஏறியிருக்கும், மூடியை மெல்லத் திறக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டே பிடித்திருக்க வேண்டும். கரையில் கேனை நிரப்பும்போது வண்டியில் வைத்தபடியே பிடிக்காமல் தரையில் இறக்கி வைத்துப் பிடியுங்கள். நிலைமின் பொறி ஒன்று போதும்.

மூடிய முன்பெட்டியில் பெட்ரோல் கேனை வைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் உடற்கூட்டுக்குள் அடியில் தேங்கி நிற்கும், ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் வரை. எரிபொருள் ஊற்றிய பிறகு சீட்டைக் கழற்றி, காற்றாட விட்டு, மோந்து பார்த்த பின்பே இன்ஜினைப் போட வேண்டும்.

தொங்கும் வார்

கொக்கி வைத்த ரப்பர் கயிறு வண்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும். கார் மேல் கட்டத் தேவலாம், இங்கே வேண்டாம். ஒவ்வொரு அலையிலும் ரப்பர் நீண்டு, கொக்கி ஒரு கணம் தளர்ந்து, நழுவிவிடும். அழுத்திப் பிடிக்கும் பக்கிள் வைத்த பட்டை வார்தான் சரி. அதிலும் பாலியஸ்டர் பார்த்து வாங்குங்கள். நைலான் வார் நனைந்தால் இளகி நீளும். காலையில் உலர்ந்த கையால் இறுக்கியதெல்லாம் முதல் தெறிப்பிலேயே லூஸாகிவிடும்.

இறுக்கிய பிறகு மிஞ்சும் வார் நுனிதான் பெரிய ஆபத்து. ஜெட் ஸ்கீக்கு வெளியே சுழலும் இறக்கை கிடையாது. அடிப்பாகத்தில் உள்ள துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற விசிறி பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. பின்தளத்திலிருந்து தண்ணீரில் தொங்கும் ஓர் அடி வார், வண்டி மெதுவாகப் போகும்போதோ நிற்கும்போதோ அடியில் மிதந்து போய் அந்தத் துளைக்குள் நுழைந்துவிட்டால், அந்த விசிறியைச் சுழற்றும் தண்டைச் சுற்றி இறுகிக்கொள்ளும். இன்ஜின் ஓடும், வண்டி நகராது. அப்போது கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். நடுக்கடலில், அலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தடவித்தடவி அறுக்கும் வேலை அது. ஜாக்கெட்டில் கத்தி வேண்டும் என்றது இதற்கும் சேர்த்துத்தான். மிச்ச நுனியைச் சுருட்டி வாரின் அடியிலேயே சொருகி, அதன் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். இழுவைக் கயிற்றைப் பைக்குள் போட்டு மூடுங்கள். வெளியே சுற்றி வைக்க வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் இன்ஜின் பக்கத்தில் காலி இடம் கண்ணில் படும். துணி, கயிறு, டூல் பை எதையும் அங்கே திணிக்காதீர்கள். சூடு ஒரு பக்கம். ஆடி விழும் துணி சுழலும் தண்டில் மாட்டலாம், அல்லது உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் குழாயை அடைக்கலாம். தயாரிப்பாளரே பெட்டி வைத்துக் கொடுத்திருந்தால் மட்டும் அந்தப் பெட்டிக்குள் வைக்கலாம்.

நனையாமல் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பெட்டி மூடியில் ரப்பர் விளிம்பு இருப்பதால் தண்ணீர் புகாது என்று நம்பாதீர்கள். மூக்கு ஒரு முறை அலைக்குள் போனால் புகும். சுருட்டி மூடும் பையில் காற்றை வெளியேற்றி, குறைந்தது மூன்று சுருட்டு சுருட்ட வேண்டும். கருவிகளில் போட்டிருக்கும் ஐ.பி.எக்ஸ்.7 என்பது அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்த சோதனை. வேகத்தில் அறையும் உப்புத் தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாஸ்போர்ட்டும் வண்டிப் பதிவுச் சீட்டும் பிமினியில் குடிவரவு, சுங்கச் சோதனைக்கு வேண்டியவை. அவற்றைச் சிறு பையில் போட்டு, அதைப் பெரிய பைக்குள் வையுங்கள். தீயணைப்பானை மட்டும் இந்தப் பைகளுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு, பயணத்துக்கு முந்தின நாளே முழுச் சாமானோடும் கரையோரமாகப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து ஒவ்வொரு வாரையும் மறுபடி இறுக்குங்கள். பிறகு ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே தண்ணீரில் குதித்து, யார் கையும் பிடிக்காமல் பின்பக்கமாக ஏறுங்கள். கூட வருகிறவரையும் அப்படியே ஏறச் சொல்லுங்கள். இரண்டு பேரில் ஒருவரால் முடியவில்லை என்றால், ஒரு கேனை அவிழ்த்துத் துணைப்படகில் ஏற்றிவிடுங்கள்.