லால்பாக் சுத்திப் பாக்க ஈஸியான வழி

பெங்களூர் போறவங்க லால்பாக் தோட்டத்துக்கு காலைல 6 மணிக்கே போயிடுங்க, பச்சை லைன் மெட்ரோல லால்பாக் ஸ்டேஷன்ல இறங்கி மேற்கு வாசல் வழியா உள்ள போகலாம். 1760ல ஹைதர் அலி ஆரம்பிச்சு அப்புறம் திப்பு சுல்தான் வெளிநாட்டுலேருந்தெல்லாம் செடி வரவழைச்சு வளர்த்த அரச தோட்டம், இப்போ 240 ஏக்கர்.

முதல்ல தோட்டத்துக்குள்ள இருக்குற பெரிய பாறை மேல ஏறிடுங்க, வெயில் வந்துட்டா கால் வைக்க முடியாது. சுமார் 300 கோடி வருஷப் பழசுங்க அது! கைய வெச்சுப் பாருங்க, வரி வரியா கருப்பும் வெள்ளையுமா ஓடும், எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும். உச்சில, பெங்களூர உருவாக்கின கெம்பேகவுடா பேர்ல இருக்குற கோபுரம். அப்புறம் 1889ல அடிக்கல் போட்ட கண்ணாடி மாளிகை. ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சிக்குன்னா வார நாள்ல போங்க, லீவு நாள்ல கூட்டம் தாங்காது.