கடலோரக் களிமண் எவ்வளவு நீரில் இளகும்? ஆய்வகத்தில் கண்டறியும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினம், தொண்டி வழியாக வடக்கே நீளும் கடலோரத்திலும், தெற்கே வாலிநோக்கம் உப்பளப் பகுதியிலும் களி மிகுந்த மண்ணைப் பல இடங்களில் காணலாம். சித்திரையில் டிராக்டர் ஓடினாலும் தடம் பதியாமல் இறுகிக் கிடக்கும் அந்த மண், வடகிழக்குப் பருவமழை பிடித்த கார்த்திகையில் கால் வைத்தவுடன் உள்வாங்குகிறது. துகள்கள் அதேதான், அவற்றுக்கிடையே உள்ள நீரின் அளவுதான் வேறு. கண்மாய்க் கரையை உயர்த்துவோரும் இறால் பண்ணைக்கு வரப்புப் போடுவோரும் இந்த வேறுபாட்டைக் கையால் பிசைந்து பார்த்தே மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டை எண்ணாகப் பெறும் ஆய்வை, முதன்முறையாக ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவரை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

நாம் காணப்போவது இரண்டு எல்லைகளை. மண் தன் எடையாலேயே வழியத் தொடங்கும் நிலைக்கு அருகிலுள்ள நீரளவு நீர்ம எல்லை. ஆய்வகத்தில் இதை லிக்விட் லிமிட் என்பார்கள். விரிசலின்றி உருட்ட முடிகிற நிலை முடிந்து, மண் உதிரத் தொடங்கும் நீரளவு குழைம எல்லை, அதாவது பிளாஸ்டிக் லிமிட். இந்த எல்லைகளை 1911இல் வகுத்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலர் ஆல்பர்ட் அட்டர்பர்க். நீர்ம எல்லையை அளக்க நாம் இன்றும் பயன்படுத்தும் பித்தளைக் கிண்ணக் கருவியை 1932இல் ஆர்தர் காசகிராண்டே வடிவமைத்தார். இந்தியாவில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2720, பகுதி 5 என்ற 1985ஆம் ஆண்டுத் தரநிலையைப் பின்பற்றுகிறோம்.

மண்ணை எடுத்து வருதல்

மேலே படிந்த உப்புப் பொருக்கையும் வேர்களையும் நீக்கிவிட்டு, வேலைக்கு உண்மையில் பயன்படப்போகும் ஆழத்திலிருந்து மண்ணை எடுங்கள். அதில் ஒரு கைப்பிடியை அந்த இடத்திலேயே மூடியுள்ள அலுமினிய டப்பாவில் அடைத்துவிட வேண்டும். மண் களத்தில் எவ்வளவு நீருடன் இருந்தது என்பதை அதிலிருந்துதான் அறிவோம். கடற்காற்றில் சற்று நேரம் திறந்து வைத்தாலும் அந்த அளவு மாறிவிடும்.

மீதி மண்ணை நிழலில் உலர்த்துங்கள். அவசரப்பட்டு உலையில் காயவைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் களித்துகள்களின் இயல்பு, குறிப்பாகக் கரிமப் பொருள் கலந்த மண்ணில், மாறி, நீர்ம எல்லை குறைவாகத் தெரியக்கூடும். உலர்ந்த கட்டிகளை மரக்கட்டையாலோ ரப்பர் பூண் பொருத்திய உலக்கையாலோ மெதுவாக உடைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். மன்னார் வளைகுடா ஓரத்து மண்ணில் கலந்திருக்கும் சிப்பித் துண்டுகளை இடித்துத் தூளாக்கிச் சலித்துவிடக் கூடாது. அவை சல்லடையின் மேலேயே தங்கட்டும்.

நீர்ம எல்லை

முதலில் கருவியைச் சரிபாருங்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உயர்ந்து விழும் கிண்ணம், ஒவ்வொரு முறையும் சரியாக 10 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். பள்ளம் கீறும் கருவியின் பிடி பெரும்பாலும் அந்தக் கனத்திலேயே செய்யப்பட்டிருப்பதால், அதையே அளவாக அடியில் செருகிப் பார்க்கலாம். பலர் கைபட்ட கருவியில் திருகு தளர்ந்து இந்த உயரம் மாறியிருப்பது வழக்கம். இதைப் பார்க்காமல் எடுத்த எண்ணுக்கு நான் மதிப்புத் தர மாட்டேன்.

சலித்த மண்ணில் சுமார் 120 கிராம் எடுத்து, வாலை வடிநீரை, அதாவது டிஸ்டில்டு வாட்டரை, சிறிது சிறிதாக விட்டுக் கண்ணாடித் தட்டின்மேல் கரண்டியால் நன்றாகக் குழையுங்கள். களி மிகுந்த மண்ணாக இருந்தால், நீர் எல்லாத் துகள்களுக்கும் சீராகப் பரவும்படி காற்றுப் புகாமல் மூடி 24 மணி நேரம் ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் குழைக்க வேண்டும்.

குழைத்ததில் ஒரு பகுதியைக் கிண்ணத்தில் இட்டு, மிக ஆழமான இடத்தில் 10 மில்லிமீட்டர் இருக்குமாறு மட்டமாக்குங்கள். கீறும் கருவியைக் கிண்ணத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து நடுவே ஒரே இழுப்பில் பள்ளம் கீறுங்கள். பிறகு கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றி, பள்ளத்தின் இரு கரைகளும் அடிப்பகுதியில் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்றுசேரும்வரை விழும் அடிகளை எண்ணுங்கள். கரைகள் இளகிச் சேர வேண்டும்; மண் கிண்ணத்தில் வழுக்கிச் சேர்ந்திருந்தால் அந்த எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். சேர்ந்த இடத்திலிருந்து சிறிது மண்ணை எடுத்து, எடை தெரிந்த டப்பாவில் மூடி, 0.01 கிராம் துல்லியத்தில் எடையிடுங்கள்.

சற்றே நீரைக் கூட்டி, அடிகளின் எண்ணிக்கை 35க்கும் 15க்கும் இடையே அமையும்படி குறைந்தது நான்கு முறை இதைச் செய்ய வேண்டும். நீர் அதிகமாகிவிட்டால் உலர்ந்த மண்ணைத் தூவிச் சரிசெய்யாதீர்கள். புதிதாகத் தூவியது ஊறியிராது. கரண்டியால் பிசைந்துகொண்டே இருந்து நீரை ஆவியாக விடுவதுதான் முறை.

டப்பாக்களை 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் உலையில் 24 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்ததும் மூடிவிட்டு டெசிக்கேட்டருக்குள், அதாவது ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து மூடிய கலத்துக்குள், ஆறவிடுங்கள். மண்டபம், பாம்பன் போன்ற கடல் சூழ்ந்த ஊர்களின் ஈரக்காற்றில், சூடான உலர்மண் ஆறும் நேரத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மண்ணில் ஜிப்சம் இருப்பது தெரிந்தால் 60 முதல் 80 டிகிரிக்குள் உலர்த்துங்கள். இல்லையேல் படிகத்துக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெற்று டப்பா 22.40 கிராம், ஈரமண்ணுடன் 41.36, உலர்ந்தபின் 34.40. போன நீர் 6.96 கிராம், உலர்மண் 12.00 கிராம், முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்கினால் நீரளவு 58 விழுக்காடு. இப்படிக் கிடைக்கும் நீரளவுகளைச் செங்குத்து அச்சில் சாதாரண அளவிலும், அடிகளைக் கிடை அச்சில் மடக்கை அளவிலும் குறித்து நேர்கோடு வரையுங்கள். அந்தக் கோட்டில் 25 அடிகளுக்கு நேரான நீரளவே நீர்ம எல்லை.

உப்பு செய்யும் வேலை

உள்நாட்டு ஆய்வகங்களில் அதிகம் எண்ணிப் பார்க்கப்படாத ஒன்று இங்கே முக்கியமாகிறது. உலையில் நீர் ஆவியாகிப் போகும்; அதில் கரைந்திருந்த உப்பு டப்பாவிலேயே தங்கி, மண்ணோடு சேர்த்து எடையிடப்படும். கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டு கடல்நீர் ஊறிய களமண்ணாக இருந்தால், ஆவியான 6.96 கிராமுக்குச் சுமார் 0.25 கிராம் உப்பு மிஞ்சியிருக்கும். அதைக் கழித்தால் உலர்மண் 11.75 கிராம், நீரளவு 59 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

இதைவிடப் பெரிய விளைவு களித்துகள்களில் நிகழ்கிறது. மாண்ட்மோரில்லோனைட் வகைக் களியின் துகள்களைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம் உப்புச் செறிவு கூடும்போது மெலிகிறது. நீர்ம எல்லையும் இறங்குகிறது. ஆகவே, உவர்ப்பான கிணற்று நீரையோ குழாய் நீரையோ விட்டுக் குழைத்தால் கிடைக்கும் எண் அந்த நீரையும் சேர்த்தே பேசும். மண்ணில் இயல்பாக உள்ள உப்பைக் கழுவி நீக்காமலும், வெளியிலிருந்து உப்பைச் சேர்க்காமலும் ஆய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

குழைம எல்லை

சுமார் 20 கிராம் மண்ணை, விரலில் ஒட்டாமல் உருண்டை பிடிக்கும் பக்குவத்துக்குக் குழையுங்கள். அதில் 8 கிராம் உருண்டையை எடுத்துக் கண்ணாடித் தட்டின்மேல் விரல்களால் சீரான அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் கன இழையாக உருட்டுங்கள். உடையாவிட்டால் மீண்டும் பிசைந்து உருட்டுங்கள். சரியாக 3 மில்லிமீட்டரில் இழை உதிரும்போது, அந்தத் துண்டுகளின் நீரளவைக் காணுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு 3 மில்லிமீட்டர் உலோகக் கம்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்களைப் படித்தல்

நீர்ம எல்லை 58, குழைம எல்லை 26 எனில், இடையிலுள்ள 32 குழைமக் குறியீடு. நீர்ம எல்லை 50ஐத் தாண்டுவதாலும், குழைமக் குறியீடு, வகைப்பாட்டு வரைபடத்தில் களியையும் வண்டலையும் பிரிக்கும் ஏ-கோட்டுக்கு மேலே அமைவதாலும், இது சி.எச். என்ற குறியால் சுட்டப்படும் மிகுகுழைமக் களி. களத்தில் உள்ள நீரளவை நீர்ம எல்லையிலிருந்து கழித்து 32ஆல் வகுத்தால் உறுதிக் குறியீடு கிடைக்கும். மழைக்காலத்தில் களநீரளவு 46 எனில் குறியீடு 0.375, மண் மென்மையானது. கோடையில் 30 எனில் 0.875, மண் கெட்டியானது. நீர்ம எல்லையில் மண்ணின் வெட்டு வலிமை, அதாவது சறுக்கிச் சரியாமல் தாங்கும் திறன், ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல் மட்டுமே. குழைம எல்லையை எட்டும்போது அது சுமார் நூறு மடங்காகிறது. மழைக்கும் கோடைக்கும் இடையே பதினாறு விழுக்காட்டு நீர் மாறுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ராமேசுவரம் தீவின் கடற்கரை மணலை இந்த ஆய்வுக்கு உட்படுத்தினால் இழை உருளவே உருளாது. அப்போது எல்லை பூஜ்யம் என்று எழுதாமல், குழைமமற்றது என்றே பதிவேட்டில் எழுதுங்கள். களிமண்ணாக இருந்தால், இரு எல்லைகளுடன் மண் எடுத்த ஆழம், மாதம், குழைத்த நீரின் வகை, உலர்த்திய வெப்பநிலை, உப்புத் திருத்தம் செய்யப்பட்டதா என்பவற்றையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.